உங்கள் வாக்கு உங்கள் கையை விட்டுப் போகாமல் இருக்க: நெல்லைச் சீமை வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியில் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்ட இன்பதுரைக்கும் அவருக்கு அடுத்து வந்த அப்பாவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 49 வாக்குகள். தொகுதியிலுள்ள வாக்குச்சாவடிகளுக்கு அந்த எண்ணிக்கையைப் பகிர்ந்தால் சாவடிக்கு ஒரு வாக்குகூடத் தேறாது. தள்ளுபடி செய்யப்பட்ட 203 அஞ்சல் வாக்குகளைச் சுற்றி எழுந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டு, 2019 அக்டோபரில் அது நடந்து முடிந்த நிலையில், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பக்கத்துத் தென்காசித் தொகுதியிலும் அதே 2016இல் வித்தியாசம் 462தான்; அதே இருவர் மீண்டும் மோதிய 2021இல் 370 வாக்குகளில் முடிவு தலைகீழாயிற்று. "ஒத்த ஓட்டுல என்னவே ஆவப் போவுது" என்று டீக்கடையில் கேட்பவருக்கு இந்த மூன்று எண்களைச் சொன்னால் போதும்.

ஆனால் வாக்களிக்காதவர் எல்லாரும் அக்கறையற்றவர் என்று சொல்வது நியாயமாகாது. வாக்களிக்க விரும்பிச் சாவடி வரை வந்து, பட்டியலில் பெயர் இல்லை என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். வாக்கு பெரும்பாலும் வாக்குப்பதிவு நாளில் தவறுவதில்லை; அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, நாம் கவனிக்காத ஏதோ ஒரு நாளில் தவறிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சாவடிக்குள் செய்ய வேண்டியதைவிட, சாவடிக்குப் போகுமுன் செய்ய வேண்டியதே அதிகம் இடம்பெறுகிறது.

அட்டை வேறு, பட்டியல் வேறு

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி வாக்களிக்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உண்டு. பீரோவில் பத்திரமாக இருக்கும் வாக்காளர் அடையாள அட்டை, நீங்கள் இன்னார் என்று காட்டுமே தவிர, பட்டியலில் இன்றும் இருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்றாகாது. கடந்த முறை வாக்களித்தோமே என்ற நம்பிக்கையும் உதவாது. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம் வழங்கப்பட்டது. அதை நிரப்பித் திருப்பித் தராதவர்களின் பெயர், கையில் அட்டை இருந்தும், வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. வீடு பூட்டிக் கிடந்தவர்கள், வெளியூரில் வேலை பார்த்தவர்கள், குடிமாறியவர்கள் ஆகியோர் இத்தகைய திருத்தங்களில் எளிதில் விடுபட்டுப் போகக்கூடியவர்கள்.

எனவே முதல் வேலை பெயரைத் தேடுவது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால், தொகுதி, பாகம் எண் (உங்கள் சாவடிக்குரிய பட்டியல் பகுதியின் எண்), வரிசை எண், சாவடி அமைந்துள்ள பள்ளி ஆகிய நான்கும் தெரிந்துவிடும். இணையம் பழக்கமில்லாதவர் 1950 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தின் தேர்தல் பிரிவிலோ, தம் பாகத்துக்குரிய வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ நேரில் பார்க்கலாம். அந்த அலுவலர் பல ஊர்களில் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். அங்கன்வாடியில் விசாரித்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தேடும்போது வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரையும் சேர்த்தே பாருங்கள். சுடலைமுத்து 'சுடலமுத்து' என்றும் இசக்கியம்மாள் 'எசக்கியம்மாள்' என்றும் ஏறியிருப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. இத்தகைய சிறு எழுத்துப் பிழைக்காக, ஆள் அடையாளம் உறுதியாகும்போது, யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே ஆணையத்தின் அறிவுறுத்தல். என்றாலும் சாவடி வாசலில் வாதாடுவதைக் காட்டிலும் முன்கூட்டியே திருத்திக்கொள்வது மேல். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2025இல் வரம்பு குறைக்கப்பட்டதால், வழக்கமாகப் போகும் பள்ளி மாறியிருக்கவும் கூடும்.

எந்தப் படிவம், எதற்குள்

புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6அ. இறந்தவர் பெயரையோ இரட்டைப் பதிவையோ நீக்கப் படிவம் 7. முகவரி மாற்றம், பெயர் அல்லது வயதுத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறன் குறிப்பு ஆகிய அனைத்துக்கும் படிவம் 8. இவ்வளவுதான், இவற்றில் எதற்கும் கட்டணம் கிடையாது.

பதினெட்டு வயது என்பது ஜனவரி 1ஐ மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்ட காலம் போய்விட்டது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். பாளையங்கோட்டை விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் விடுதி முகவரியிலும் பதியலாம், சொந்த ஊரிலும் பதியலாம். ஆனால் ஏதாவது ஓர் இடத்தில்தான். இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது. அதற்காகப் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. வள்ளியூரிலிருந்து மணமாகிக் கோவில்பட்டி போன பெண், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே இறங்கி அம்பாசமுத்திரத்திலோ மணிமுத்தாற்றிலோ குடியேறிய குடும்பம், திருநெல்வேலி நகரத்திலேயே டவுனிலிருந்து பெருமாள்புரத்துக்கு வீடு மாறியவர் ஆகிய மூவருக்கும் தேவைப்படுவது படிவம் 8. பழைய இடத்தில் பெயரை விட்டுவிட்டுப் புதிய இடத்தில் படிவம் 6 கொடுப்பதே இரட்டைப் பதிவுக்கு வழி திறக்கிறது.

கால எல்லையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். தேர்தல் தேதி அறிவித்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எந்தச் சேர்ப்பும் திருத்தமும் நடவாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் கொடுத்தாக வேண்டும் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரும்போது இதையும் முடித்துவிடலாம் என்று எண்ணுவது வழக்கம். 2021இல் வேட்புமனு தாக்கல் மார்ச் 19இல் முடிந்தது. உத்திரம் மார்ச் 28இல் வந்தது. 2024இல் உத்திரம் மார்ச் 25, வேட்புமனுவின் கடைசி நாள் மார்ச் 27. இரண்டு முறையும் உத்திரத்துக்கு வந்து படிவம் கொடுத்திருந்தால் பயனில்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வரும்போது செய்வதே சரி. ஆண்டுதோறும் நடக்கும் பட்டியல் திருத்தமும், சனி ஞாயிறுகளில் சாவடிகளிலேயே நடக்கும் சிறப்பு முகாம்களும் பெரும்பாலும் அந்தப் பருவத்தை ஒட்டியே வருகின்றன.

விண்ணப்பித்தவுடன் கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அங்கும் சரிவராவிட்டால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்த வழி இருப்பதே தெரியாமல் முதல் மறுப்போடு விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

வளைகுடாவில் இருப்பவர்கள்

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடிப் பகுதிகளில் வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத தெரு குறைவு. அவர்கள் அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவரை, கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியில் படிவம் 6அ மூலம் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும். அங்கிருந்தே வாக்களிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. சாவடியில் அவர்கள் காட்ட வேண்டியது அசல் கடவுச்சீட்டு மட்டுமே. விமானக் கட்டணத்தை நினைத்தால் இது பெரிய தடைதான். ஆயினும் விடுமுறையைத் தேர்தலோடு பொருத்திக்கொள்ள முடிந்தவருக்குப் பட்டியலில் பெயர் இருந்தால்தானே அந்த வாய்ப்பு?

யாருக்கு என்று முடிவு செய்தல்

ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு தம் சொத்து, கடன், கல்வி, நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றைப் படிவம் 26இல் உறுதிமொழியாகத் தர வேண்டும். இது ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கக் கிடைக்கிறது. வழக்குள்ள வேட்பாளர் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்தவும் வேண்டும். படித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். எந்தத் தொகுதிக்கு வாக்களிக்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். ஆலங்குளம் வருவாய் நிர்வாகத்தில் தென்காசி மாவட்டம். மக்களவைக்கோ திருநெல்வேலித் தொகுதியைச் சேர்ந்தது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, இராதாபுரம் ஆகிய ஐந்தும் அதோடு சேர்ந்தவை. தாமிரபரணித் தண்ணீர், பீடிக் கூலி, மணல், சாலை என்று எது உங்களுக்கு முக்கியமோ அதைப் பற்றி, வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடமே கேளுங்கள். அவர்கள் வாசலுக்கு வரும் நாட்கள் குறைவு.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமன்றி வாங்குவதும் குற்றம். 2019இல் பணப் பட்டுவாடா புகாரால் வேலூர் மக்களவைத் தேர்தலே இரத்தானது. பணம் வாங்கியவரின் மனத்தில் 'எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள்' என்ற அச்சம் ஊட்டப்படுகிறது. சாவடிவாரியாக எத்தனை வாக்கு யாருக்கு என்ற கணக்கு தேர்தலுக்குப் பின் வெளிவருவது உண்மை. தெருவாரியாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதை வைத்துத்தான் மிரட்டுகிறார்கள். ஆனால் தனியொருவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை அறிய வழியே இல்லை. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று சொல்லும்படி உங்களை நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. பணமோ பரிசுப்பொருளோ டோக்கனோ கொடுக்கப்படுவதைக் கண்டால் ஆணையத்தின் சி-விஜில் புகார் வசதி மூலம் படம் எடுத்து அனுப்பலாம்; பெயரை வெளியிடாமலும் அனுப்பலாம்; 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது அதன் விதி.

அடையாளச் சான்று: ஒரு பொதுவான தவறு

வாக்காளர் அட்டை கைவசம் இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, நிரந்தரக் கணக்கு எண் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் மருத்துவக் காப்பீட்டு ஸ்மார்ட் அட்டை, அரசு ஊழியர் அடையாள அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை போன்ற ஆவணங்களில் ஒன்று போதும். தமிழ்நாட்டில் எல்லாருடைய கையிலும் இருக்கும் குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் எதற்கும் எடுத்துக்கொண்டு போகும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் இல்லை. வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப், வரிசை எண்ணைச் சொல்ல உதவும்; 2019 முதல் அது மட்டும் தனியே அடையாளமாக ஏற்கப்படுவதில்லை.

வாக்குப்பதிவு நாளில்

தமிழ்நாட்டில் வழக்கமான நேரம் காலை 7 முதல் மாலை 6 வரை. ஏப்ரல் வெயிலில் நண்பகல் வரிசையில் நிற்பதைத் தவிர்த்துக் காலையிலேயே போய்விடுவது நல்லது. மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர் அனைவருக்கும் கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுக்கப்படும். இரவு எத்தனை மணியானாலும் அவர்கள் வாக்களித்துவிட்டே போகலாம். கடை, பட்டறை, தொழிற்சாலை எதில் வேலை செய்பவருக்கும், தினக்கூலிக்காரருக்கும்கூட, அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தராத முதலாளிக்கான அபராதம் வெறும் 500 ரூபாய் வரைதான் என்பது இச்சட்டத்தின் பலவீனம் என்றே நான் கருதுகிறேன். என்றாலும் கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்திருப்பதே பாதிப் பலம்.

கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. முதல் அலுவலர் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து உரக்கச் சொல்வார். கட்சி முகவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் பட்டியலில் குறிப்பார்கள். இரண்டாமவர் இடக்கைச் சுட்டுவிரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிச் சீட்டுத் தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை உங்களுக்காகத் திறந்துவிடுவார். மறைப்புக்குள் உங்கள் வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும்; பக்கத்திலுள்ள விவிபாட் என்னும் வாக்குச் சரிபார்ப்புக் கருவியின் கண்ணாடியில் சின்னம் பொறித்த சீட்டு ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழும்; நீண்ட 'பீப்' ஒலி கேட்கும். ஒலி கேட்கும் முன் வெளியே வந்துவிடாதீர்கள். சீட்டில் வேறு சின்னம் தெரிந்ததாக உறுதியாக நம்பினால், தலைமை அலுவலரிடம் எழுதிக் கொடுத்துச் சோதனை வாக்கு கேட்கலாம். பொய்ப்புகார் தண்டனைக்குரியது என்பதால் விளையாட்டாகச் சொல்லக் கூடாது.

எவரும் பிடிக்கவில்லை என்றால் கடைசிப் பொத்தான் நோட்டா. 2013 செப்டம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்த வசதி இது. நோட்டா எத்தனை விழுந்தாலும், அடுத்து அதிக வாக்குப் பெற்ற வேட்பாளரே வெற்றி பெறுவார் என்பதை அறிந்து அழுத்துங்கள். பாண்டியர் காலத்து மானூர்க் கல்வெட்டு, நெல்லைக்கு வடக்கேயுள்ள அந்த ஊரின் மகாசபையில் எதற்கெடுத்தாலும் 'அன்று' என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. அச்சபையில் இடம்பெற நிலமும் வேதக் கல்வியும் வேண்டும் என்றும் அது சொல்கிறது. வெள்ளையர் காலத்திலும் வரியும் சொத்தும் பார்த்தே வாக்கு வந்தது. நிலமோ படிப்போ கேட்காமல், வயது வந்த அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது 1951-52இன் முதல் பொதுத்தேர்தல்.

உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்துவிட்டிருந்தால் திரும்பிப் போகாதீர்கள். அடையாளத்தை நிரூபித்து 'ஆய்வுக்குரிய வாக்கு' கேளுங்கள். தாள் வாக்குச்சீட்டு தந்து, அதை உறையிலிட்டுத் தனியே வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் வித்தியாசம் நாற்பது ஐம்பதாக இருந்து வழக்கு நீதிமன்றம் போகும்போது அந்த உறைகளுக்கு மதிப்பு வரும்.

சாவடிக்கு வர இயலாதவர்கள்

85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12டி கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பின்னர் சாவடியில் வாக்களிக்க முடியாது. வரவே விரும்புகிற முதியவருக்குச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் உண்டு. பார்வையற்றவர் பதினெட்டு வயது நிறைந்த துணை ஒருவரை உடன் அழைத்துப் போகலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே துணையாகலாம்.

தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் பயிற்சி வகுப்பிலேயே அஞ்சல் வாக்குக்கான படிவம் 12ஐயோ, தம் தொகுதிக்குள்ளேயே பணி என்றால், பணிபுரியும் சாவடியிலேயே வாக்களிக்க உதவும் பணிச் சான்றுக்கான 12அவையோ கொடுத்துவிட வேண்டும். அஞ்சல் வாக்கில் உறுதிமொழித் தாள், கையெழுத்து, சான்றொப்பம் ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் வாக்கு எண்ணப்படாது. இராதாபுரத்தில் அந்த 203 வாக்குகளும் தள்ளப்பட்டது, சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அதற்கான அதிகாரம் உண்டா என்ற கேள்வியால்தான்.

உள்ளாட்சித் தேர்தல்

இதை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது; விதிகளும் சற்று வேறுபடும். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2021 அக்டோபரில் நடந்தபோது, ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்குச்சீட்டுகள் கிடைத்தன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். ஒரு சீட்டில் இரு சின்னங்களுக்கு முத்திரையிட்டால் அது செல்லாது. மை மறுபக்கத்துச் சின்னத்தில் ஒட்டாதபடி மடிப்பதற்கும் கவனம் வேண்டும். மாநகராட்சியின் 55 வார்டுகளில் வாக்களிப்பவருக்கு மாமன்ற உறுப்பினருக்கான ஒரே வாக்குதான். மேயரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சில ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டுப் போட்டியின்றி முடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கோயில் கொடைக்குப் பணம் சேர்ந்ததே என்று அதை நியாயப்படுத்தினாலும், அது சட்டத்துக்குப் புறம்பானது. ஊரிலுள்ள ஒவ்வொருவரின் வாக்கையும் கேட்காமலே விற்பதற்குச் சமமானது. ஏலம் நடப்பதை மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்கலாம். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்தே வார்டுவாரியாகப் பிரித்து எடுக்கப்படுவதால், படிவம் 6 அல்லது 8 மூலம் பெயரைச் சரிசெய்தவர் இதற்கெனத் தனியாக அலைய வேண்டியதில்லை. எந்த வார்டில் பெயர் விழுந்திருக்கிறது என்பதை மட்டும் ஊராட்சி அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோ பார்த்துக்கொண்டால் போதும்.